படிப்பதற்கல்லாத பொன்னெழுத்து



ஜப்பானியக் கலை என்றதும் நம்மில் பலருக்கு ஹொக்குசாயின் பேரலை நினைவுக்கு வரும். இல்லாவிட்டால் விரிசல் விட்ட தேநீர்க் கிண்ணம், பாசி படர்ந்த கல், மணலைக் கீறி அழகு பார்த்த தோட்டம். ஜப்பான் என்றாலே எளிமை என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளில் அந்த எளிமையைத் தேடினாலும் கிடைக்காது. பொன், வெள்ளி, அவுரி நீலம், ஊதாச் சாயம், அப்பிரகப் பொடி, பளிங்கு என்று எல்லாவற்றையும் வாரி இறைத்து எழுதிய பௌத்த சூத்திரச் சுருள்களைப் பற்றிப் பேசப்போகிறேன். 8ஆம் நூற்றாண்டில் நாராவில் தொடங்கிய பழக்கம் இது. 12ஆம் நூற்றாண்டில் உச்சத்துக்குப் போனது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சுருள்களில் பெரும்பாலானவை யாரும் உட்கார்ந்து படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. சிலவற்றை மண்ணில் புதைப்பதற்கென்றே எழுதினார்கள். சிலவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கோயிலில் ஒப்படைத்தார்கள். சிலவற்றில் எழுத்து படத்துக்குள் ஒளிந்திருக்கும். சிலவற்றில் படம் எழுத்துக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். படிக்க ஆளில்லாத நூலுக்கு இவ்வளவு பொன் எதற்கு?

மிகப் புகழ்பெற்ற உதாரணத்தை முதலில் பார்ப்போம்.

1164ஆம் ஆண்டு. தைரா என்ற போர்க்குலத்தின் தலைவர் கியோமோரி, ஹிரோஷிமாவுக்கு அருகில் இருக்கும் இத்சுகுஷிமா தீவுக் கோயிலுக்கு 33 சுருள்களைக் காணிக்கையாகக் கொடுத்தார். ‘ஹெய்கே நோக்யோ’ என்று பெயர். தைரா குலம் படைத்த சூத்திரங்கள் என்று பொருள். தாமரைச் சூத்திரம் என்று நாம் சொல்லும் சத்தர்ம புண்டரீகத்தின் 28 அதிகாரங்களுக்கு 28 சுருள்கள். அதற்கு முன்னும் பின்னும் ஓதப்படும் துணைச் சூத்திரங்கள் இரண்டு. அமிதாப சூத்திரம் ஒன்று, இருதய சூத்திரம் ஒன்று. கடைசியாக, கியோமோரியின் வேண்டுதல் பத்திரம். அவலோகிதேசுவரர் 33 வடிவங்கள் எடுத்து உயிர்களைக் காப்பார் என்று அதே தாமரைச் சூத்திரம் சொல்கிறது. இத்சுகுஷிமாவின் அம்மனை அவலோகிதேசுவரரின் தோற்றமாகவே அக்காலத்தில் வணங்கினார்கள். எனவே 33 என்பது எண்ணிப் பார்த்து வைத்த எண்.

வேண்டுதல் பத்திரத்தில் கியோமோரி ஒரு தகவல் தருகிறார். தாமும் பிள்ளைகளும் தம்பிமாரும் குடும்பத்தைச் சார்ந்தவர்களுமாக 32 பேர், ஆளுக்கு ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு செய்தோம் என்கிறார். ஒரே ஆள் மொத்தச் செலவையும் ஏற்றிருக்க முடியும். அப்படிச் செய்யவில்லை. எல்லோருடைய கையும் படவேண்டும் என்று நினைத்தார்கள். சூத்திரத்தோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பந்தம் உண்டாக வேண்டும், அதன் புண்ணியம் தனித்தனியாகச் சேரவேண்டும் என்பது நம்பிக்கை. அதிகாரத்துக்கு ஓர் ஆள் என்று பிரித்துக்கொள்ளும் இந்த முறை அரசவையில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. பிரித்துக்கொண்டால் போட்டியும் வரும் அல்லவா? அண்ணன் சுருளைவிடத் தம்பி சுருள் ஒரு மாற்றுக் குறைந்துவிடக் கூடாதே! ஹெய்கே நோக்யோவின் அழகில் ஒரு பங்கு பக்தியால் வந்தது, இன்னொரு பங்கு இந்த உறவினர் போட்டியால் வந்தது என்பது என் கருத்து. அதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சுருளை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். உயரம் ஒரு முழத்துக்கும் குறைவுதான். தாளின் முன்புறம், பின்புறம் இரண்டிலும் அலங்காரம். தங்க ரேக்கையும் வெள்ளி ரேக்கையும் சின்னச் சின்னச் சதுரங்களாக நறுக்கித் தூவியிருக்கிறார்கள். சில இடங்களில் அதையே மணல்போலப் பொடித்து இறைத்திருக்கிறார்கள். வேறு சில இடங்களில் மயிரிழை அகலத்துக்குக் கீறி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துப் பத்திக்கு மேலும் கீழும் உள்ள ஓரங்களில் தாமரை, நாணல், பறவை. சுருளைச் சுற்றும் தண்டின் இரு முனைகளிலும் பளிங்குக் குமிழ். திறந்ததும் முதலில் ஒரு படம். அதைத் தாண்டித்தான் எழுத்து வரும்.

அந்தப் படங்களில் அரசவைப் பெண்மணிகள் பலமுறை வருகிறார்கள். நீளக் கூந்தல், அடுக்கடுக்கான உடை, கையில் சூத்திரம். சில படங்களில் பாறை மடிப்பிலும் நாணல் வளைவிலும் நீரோட்டத்திலும் எழுத்துகளை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஜப்பானியக் கவிதைத் தாள்களில் வழங்கிவந்த விளையாட்டு இது. சூத்திரத்திலுள்ள ஒரு தொடரின் சில சொற்கள் எழுத்தாக இருக்கும், மீதி படமாக இருக்கும். தெரிந்தவர்கள் சேர்த்து வாசித்துக்கொள்வார்கள். தெரியாதவருக்கு அது வெறும் நாணற்காடு.

தேவதத்தன் அதிகாரத்தின் படத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாகரன் என்ற கடல் நாகராஜனின் எட்டு வயது மகள் ஒரு மணியைப் புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு, கண்மூடித் திறப்பதற்குள் தானே புத்தநிலை அடைகிறாள். பெண்ணால் அது முடியாது என்று வாதிட்ட பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். இதுதான் அந்த அதிகாரத்தின் கதை. அரசவைப் பெண்கள் தாமரைச் சூத்திரத்தை இவ்வளவு நேசித்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கதைதான். கியோமோரியின் சுருளில் நாகராஜன் மகள் கடலிலிருந்து மணியை ஏந்தி எழுந்து வருகிறாள். இத்சுகுஷிமா அம்மனும் சாகர நாகராஜனின் மகள்தான் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். கியோமோரியின் செல்வத்துக்கு ஊற்று கடல்: சீனத்து சோங் அரசோடு நடந்த வணிகம், உள்கடல் வழியின் மீதிருந்த பிடி. ஒரே படத்தில் சூத்திரம், அம்மன், குலத்தின் செல்வம் மூன்றும் வந்துவிட்டன. இதை வரைந்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் வரையச் சொன்னவருக்குத் தாம் என்ன கேட்கிறோம் என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்து நடந்ததை வரலாறு படித்தவர்கள் அறிவீர்கள். கியோமோரி 1181இல் இறந்தார். 1185இல் அதே உள்கடலின் மேற்கு முனையில், தான்னோவுராவில் நடந்த கடற்போரில் தைரா குலம் அழிந்தது. கியோமோரியின் பேரனான குழந்தைப் பேரரசர் அந்தோக்குவும் மூழ்கிப் போனார். குலத்தின் நல்வாழ்வுக்காக வைத்த சுருள்கள் மட்டும் இன்றும் கோயிலின் சொத்தாக இருக்கின்றன. வேண்டுதல் பலிக்கவில்லை என்று சொல்லலாம். சுருள் வைத்த ஆளோ, ‘இம்மைக்கு மட்டுமா கேட்டேன், மறுமைக்கும் சேர்த்துத்தானே கேட்டேன்’ என்று பதில் சொல்லக்கூடும்.

இப்போது கேள்விக்கு வருவோம். எழுத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

விடை சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. தாமரைச் சூத்திரத்தை ஏற்றுப் போற்றுவது, படிப்பது, ஓதுவது, விளக்குவது, எழுதுவது என ஐந்து கடமைகளை அது வகுத்திருக்கிறது. பத்தாம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இந்தச் சூத்திரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு தூபி எழுப்புங்கள். உள்ளே புத்தரின் எலும்போ சாம்பலோ வைக்க வேண்டாம். ஏனென்றால் ததாகதரின் முழு உடம்பும் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கருத்து இதுதான். எழுத்து புத்தரைப் பற்றிச் சொல்வதோடு நிற்கவில்லை, எழுத்தே புத்தரின் உடம்பு. உடம்புக்கு ஆடை உடுத்துகிறோம், நகை பூட்டுகிறோம். பொன்னும் வெள்ளியும் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். குமாரஜீவர் 406ஆம் ஆண்டில் சீனத்தில் மொழிபெயர்த்த பாடத்தைத்தான் ஜப்பானியர் எழுதினார்கள், ஓதினார்கள். ஜப்பானிய மொழிக்கு மாற்றிக்கொள்ளவில்லை. சீன எழுத்தைச் சீன ஒலியின் ஜப்பானிய உச்சரிப்பிலேயே ஓதினார்கள். காதில் விழுந்ததைக் கேட்டவர்களில் பலருக்குப் பொருள் விளங்கியிராது. ஏறக்குறைய 70,000 எழுத்துகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, முழுமையாக, தன் கட்டத்துக்குள் நிற்கும் ஓர் உருவம்.

இந்த எண்ணத்தை அப்படியே கண்ணுக்குக் கொண்டுவந்த சுருள் ஒன்று ஷிகோக்கு தீவின் சென்த்சூஜி கோயிலில் இருக்கிறது. ஒரு வரி எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு வரி புத்தர்கள். எத்தனை எழுத்தோ அத்தனை புத்தர். வேறு சில சுருள்களில் ஒவ்வொரு எழுத்தும் தாமரைப் பீடத்தின் மேல் அமர்ந்திருக்கும். ஹிரைசுமியின் சூசொன்ஜி கோயிலில் 10 தொங்கு சீலைகள் உள்ளன. நீலத் தாளில் பொன்னால் ஆன அடுக்குத் தூபி. கிட்டே போய்ப் பார்த்தால் தூணும் கூரையும் கைப்பிடியும் கோடுகளால் வரையப்பட்டவை அல்ல. சுவர்ணபிரபாச சூத்திரத்தின் எழுத்துகளை வரிசையாக நிறுத்தியே தூபியைக் கட்டியிருக்கிறார்கள். உச்சிக் கலசத்தில் தொடங்கி, கூரையோரம் ஏறி இறங்கி, தூண் வழியாகக் கீழே வரும் வாசகத்தைப் பின்தொடர எந்தக் கண்ணாலும் முடியாது. படிக்க முடியாது என்பது தெரிந்தே எழுதினார்கள். பத்தாம் அதிகாரம் சொன்னதை, தூபி வேறு சூத்திரம் வேறு அல்ல என்பதை, இதைவிட நேரடியாக எப்படிச் செய்துகாட்டுவது?

இனி, எழுதிய கைகளைப் பற்றிக் கொஞ்சம். அவற்றை மறந்துவிட்டு அழகைப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

8ஆம் நூற்றாண்டில் நாராவில் அரசு சூத்திரப் படியெடுப்பு நிலையம் நடத்தியது. எழுதுகிறவர், பிழை திருத்துகிறவர், தாள் ஒட்டுகிறவர், தலைப்பு எழுதுகிறவர் என்று வேலை பிரிந்திருந்தது. வழக்கமாக வரிக்கு 17 எழுத்து. தாளுக்கு இவ்வளவு என்று கூலி. எழுத்து விட்டுப்போனால் கூலியில் பிடித்தம். ஒரு வரியே விட்டுப்போனால் அதைவிடப் பெரிய பிடித்தம். பிழை திருத்துகிறவர் தவறைக் கவனிக்காமல் விட்டால் அவருக்கும் அபராதம். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? நிலையத்தின் கணக்குத் தாள்கள் ஷோசோயின் பண்டகசாலையில் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு விண்ணப்பத்தின் வரைவும் இருக்கிறது. புது உடை வேண்டும், மாதத்தில் சில நாள் விடுப்பு வேண்டும், சாப்பாடு மோசம், நாள் முழுக்க உட்கார்ந்தே எழுதுவதால் உடம்பு வலிக்கிறது, ஆகவே மூன்று நாளுக்கு ஒருமுறை மருந்தாக மது வேண்டும் என்று எழுத்தர்கள் கேட்கிறார்கள். புனித நூல் எழுதியவர்களின் கோரிக்கைப் பட்டியல் இது! எனக்கு இந்தத் தாள் எந்தப் பொன்னெழுத்துக்கும் குறைந்ததல்ல.

அதே காலத்து மேன்மையான படைப்பு, ஊதாத் தாளில் பொன்னால் எழுதிய சுவர்ணபிரபாச சூத்திரம். 741இல் பேரரசர் ஷோமு மாகாணந்தோறும் அரசுக் கோயில் கட்ட ஆணையிட்டார்; அவற்றில் வைப்பதற்காக எழுதியது. பொன்மை செய்வது எளிதல்ல. பொன்னைப் பொடியாக்கி வச்சிரப் பசையில் குழைத்து எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அது மங்கலாகத்தான் இருக்கும். காட்டுப்பன்றியின் தந்தத்தால் எழுத்து எழுத்தாகத் தேய்த்து மெருகேற்றினால்தான் பளபளப்பு வரும். அந்தத் தேய்ப்பு இன்றும், 1,200 ஆண்டுகளுக்குப் பிறகும், மங்கவில்லை.

பிற்காலத்தில் ஊதா குறைந்து அவுரி நீலம் பெருகியது. தாளைத் திரும்பத் திரும்பச் சாயத்தில் தோய்த்துக் கிட்டத்தட்டக் கருநீலமாக்குவார்கள். அமிதாபரின் தூய உலகத்தில் தரையே வைடூரிய நீலமாம். நீலத்தின் மேல் பொன்னால் எழுதினால் எழுத்து அந்தத் தரையின் மேல் நிற்கிறது. நீலத்தில் வெள்ளியால் எழுதிய ஒரு தொகுதியும் உண்டு. தோதாய்ஜி கோயிலின் நிகத்சுதோ மண்டபத்தில் இருந்த 8ஆம் நூற்றாண்டு அவதம்சக சூத்திரம். 1667இல் மண்டபம் தீப்பிடித்தபோது சுருள்களின் ஓரம் கருகியது. எரிந்த ஓரம் அலையலையாக வளைய, நடுவில் வெள்ளியெழுத்து அப்படியே நிற்கிறது. இதற்கு இப்போது ‘எரிந்த சூத்திரம்’ என்றே பெயர். எரிந்ததனாலேயே அழகு கூடிவிட்டது என்று ரசிகர்கள் சொல்வார்கள். கருகலை ரசிப்பதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு.

தோதாய்ஜி என்றதும் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. 752இல் அங்கே மகாபுத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த துறவி என்று ஜப்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு நின்றார்கள். கண்ணின் மை ஒருவர் கையால் விழுந்தாலும் அதன் புண்ணியம் எல்லோருக்கும் போகவேண்டும். அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் இன்றும் ஷோசோயினில் இருக்கின்றன. 32 பேர் சேர்ந்து 32 சுருள்கள் செய்ததன் வேர் இதே எண்ணத்தில் இருக்கிறது.

இத்தனை ஆடம்பரத்துக்கு எதிர்ப்பே இல்லையா? இருந்தது, ஆனால் வாதமாக வரவில்லை, இன்னொரு நடைமுறையாக வந்தது. 9ஆம் நூற்றாண்டில் ஹியே மலைத் துறவி என்னின், நோய்வாய்ப்பட்டு யோகவா என்ற ஒதுக்குப்புறத்தில் தங்கியிருந்தபோது தாமரைச் சூத்திரத்தை எழுதினார். தூரிகையில் விலங்கின் முடி இருக்கிறது, மையில் விலங்கின் பசை இருக்கிறது என்று இரண்டையும் ஒதுக்கினார். புல்லால் தூரிகை, கல்லால் மை. பொன் கிடையாது, படம் கிடையாது. விதிமுறைப்படி எழுதும் சூத்திரம் என்று பிறகு இதுவே ஒரு மரபானது. எழுத்துக்கு மும்முறை வணங்கி எழுதவேண்டும் என்றும் சொல்வார்கள். ஆனால் வேடிக்கை பாருங்கள்: 1031இல் பேரரசி ஜோத்தோமோன்-இன் அந்த யோகவா மரபில் தானும் சேர்ந்து தன் சூத்திரத்தை அங்கே வைத்தார். அது இருந்த பெட்டி என்று கருதப்படுவது 1923இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. பொன்முலாம் பூசிய, பூங்கொடி செதுக்கிய அருமையான பெட்டி. எளிமையை அடைக்கவும் பொன் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் பேரரசியின் தந்தை ஃபுஜிவாரா நோ மிச்சினாகா. நாட்டை உண்மையில் ஆண்டவர் அவர்தான். 1007இல் அவர் கின்புசென் மலையேறி, தாம் கைப்பட எழுதிய 15 சுருள்களைப் பொன்முலாம் பூசிய வெண்கலக் குடுவையில் இட்டுப் புதைத்தார். குடுவையின் மேல் தம் நோக்கத்தையும் செதுக்கிவைத்தார். 567 கோடி ஆண்டுகள் கழித்து வருங்காலப் புத்தரான மைத்ரேயர் வரும்போது இந்தச் சூத்திரங்கள் மண்ணிலிருந்து தாமாக எழுந்து வரும், தாமும் அங்கே வந்து நிற்கவேண்டும் என்பது ஆசை. புத்தரின் தருமம் மங்கிப்போகும் கடைக்காலம் 1052இல் தொடங்குகிறது என்று ஜப்பானில் கணக்குப் போட்டிருந்தார்கள். மனிதர்கள் மறந்துபோவார்கள், மண் மறக்காது என்ற எண்ணத்தில் நாடெங்கும் சூத்திரங்களைப் புதைத்தார்கள். மிச்சினாகாவின் குடுவை எடோ காலத்திலேயே வெளியே வந்துவிட்டது. 567 கோடியில் சில நூறு ஆண்டுகள்தான் கழிந்திருந்தன.

பெண்கள் இந்தக் கலையில் பெற்ற இடம் பெரிது. ‘கெஞ்சி கதை’யில் நாயகி முராசாகி, இறப்பதற்குச் சிலகாலம் முன்பு, ஆண்டுக்கணக்கில் எழுதச் செய்த தாமரைச் சூத்திரப் படிகள் ஆயிரத்தைக் காணிக்கையாக்குகிறாள். அது கற்பனை, ஆனால் வரலாற்றுக் கதையான ‘எய்கா மோனொகதாரி’ 1021இல் நடந்ததைச் சொல்கிறது. மிச்சினாகாவின் இன்னொரு மகளான பேரரசி கென்ஷியின் பணிப்பெண்கள் அதிகாரத்துக்கு ஒருவராக எடுத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி மிஞ்சும்படி அலங்கரித்தார்கள். பார்த்தவர்களுக்குச் சூத்திரம்போலத் தெரியவில்லை, நாகரிகமான கவிதைத் தொகுப்புபோலத் தெரிந்தது என்று அந்த நூல் எழுதுகிறது. குறையாக எழுதியதா, பாராட்டாக எழுதியதா? பாராட்டாகத்தான் எனக்குப் படுகிறது.

இவர்களையெல்லாம்விட என் மனத்தில் நிற்பவர் ஒருவர் உண்டு. 880இல் பேரரசர் செய்வா இறந்தார். அவருடைய துணைவியரில் ஒருவரான ஃபுஜிவாரா நோ தாமிகோ, அவர் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் திரட்டினார். அவற்றைக் கூழாக்கிப் புதுத் தாள் செய்து, அந்தத் தாளில் தாமரைச் சூத்திரத்தை எழுதினார். அரசின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே இது பதிவாகியிருக்கிறது. பழைய மை முழுவதும் போகாததால் இத்தகைய தாள் சாம்பல் நிறமாக இருக்கும். பொன் இல்லை, வெள்ளி இல்லை. அந்தச் சாம்பல் நிறம்தான் அலங்காரம். கணவன் எழுதிய சொற்கள் அத்தனையும் அதற்குள் இருக்கின்றன, ஒன்றையும் படிக்க முடியாது.

வடக்கே போவோம். ஹிரைசுமியை ஆண்ட ஃபுஜிவாரா நோ கியோஹிரா, இரண்டு நீண்ட போர்களில் தந்தையையும் மனைவி மக்களையும் இழந்தவர். அவருடைய நாடு பொன் விளையும் நாடு. சூசொன்ஜி கோயிலுக்காக பௌத்த நூல் தொகுதி முழுவதையும், 5,300 சுருள்களுக்கு மேல், நீலத் தாளில் ஒரு வரி பொன், அடுத்த வரி வெள்ளி என்று மாற்றி மாற்றி எழுதவைத்தார். சுருளுக்கு ஒரு முகப்புப் படம். பெரும்பாலானவற்றில் கிருத்ரகூட மலையில் புத்தர் போதிக்கும் காட்சி, நடுநடுவே மான்கள், பறவைகள், வேட்டைக்காரர்கள். 1126இல் கோயிலை அர்ப்பணித்தபோது எழுதிய வேண்டுதலில், போரில் மாண்டவர்களை நண்பர், பகைவர் என்று பிரிக்காமல், கொல்லப்பட்ட விலங்குகளையும் பறவைகளையும் சேர்த்து, எல்லோருக்கும் நற்கதி கேட்கிறார். அந்தத் தொகுதி இப்போது எங்கே? 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொயொத்தோமி ஹிதெத்சுகு என்ற பிரபு பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டார். கோயா மலையில் 4,296 சுருள்கள் இருக்கின்றன. சூசொன்ஜியில் மிஞ்சியவை 15.

ஒசாகாவின் ஷிதென்னோஜி கோயிலில் விசிறி வடிவத் தாள்களில் எழுதிய தாமரைச் சூத்திரம் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டு. அடியில் வண்ணப் படம்: கிணற்றடியில் பெண்கள், சந்தைக் கடை, சிறுவர்கள். மேலே சூத்திரம், கரிய மையில். படத்துக்கும் வாசகத்துக்கும் தொடர்பு தேடி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தத் தேடல் கொஞ்சம் வலிந்ததாகத் தோன்றுகிறது. மக்கள் வாழும் உலகத்தின் மேல் புத்தரின் சொல் விழுகிறது, அவ்வளவு போதாதா?

தொடர்பு உண்மையாகவே இருக்கும் இடம் இன்னொன்று உண்டு. 1156இல் அரியணைச் சண்டையில் தோற்ற பேரரசர் சுத்தோக்கு சானுகிக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கே பெருஞ்சூத்திரங்கள் ஐந்தைத் தம் கையால் எழுதி, தலைநகரக் கோயில் ஒன்றில் வைக்கும்படி அனுப்பினார் என்றும், சாபம் இருக்குமோ என்று பயந்து அரசவை திருப்பி அனுப்பியது என்றும், ஆத்திரத்தில் தம் இரத்தத்தால் அவற்றின் மேல் சாபம் எழுதினார் என்றும் ‘ஹோகென் மோனொகதாரி’ கதை சொல்கிறது. வென்ற தரப்பில் இருந்தவர் அவருடைய தம்பி கோ-ஷிராகவா. 36 ஆண்டுகள் கழித்து, 1192இல், கோ-ஷிராகவா இறந்தார். அப்போது அவர் வட்டத்தில் ஒரு கதைச் சுருளுக்குக் கோட்டுப் படங்கள் பாதியில் நின்றுபோயின. ஆடை இருக்கிறது, கூந்தல் இருக்கிறது, முகங்களில் கண்ணும் மூக்கும் பல இடங்களில் இன்னும் போடவில்லை. அந்தத் தாள்களின் மேல் அப்படியே சுவர்ணபிரபாச சூத்திரத்தை எழுதி இறந்தவருக்கு அர்ப்பணித்தார்கள். ‘கண்ணில்லாச் சூத்திரம்’ என்று பெயர். முடிக்காத படத்தை முடிக்கவில்லை, எறியவும் இல்லை. அண்ணன் எழுதியது ஏற்க ஆளில்லாமல் போன கதை ஒருபக்கம். தம்பிக்காக மற்றவர்கள் எழுதியது மறுபக்கம்.

இந்தச் சுருள்கள் பிறகு பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேநீர்ச் சடங்கு பரவியபோது, சுவரில் தொங்கவிடப் பழைய எழுத்து வேண்டும் என்ற ஆசை பிறந்தது. சுருள்களை வெட்டினார்கள். பேரரசர் ஷோமுவின் கையெழுத்து என்று நம்பப்படும் பெரிய எழுத்துச் சூத்திரம் துண்டுதுண்டாகி, எழுத்து மாதிரித் தொகுப்புகளின் முதல் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஜிங்கோஜி கோயிலுக்குச் செய்த 5,400க்கும் மேற்பட்ட சுருள்களில் கோயிலில் இருப்பவை 2,317. பல, வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வெட்டியவர்களை நான் முழுக்கத் திட்டமாட்டேன். துண்டாகிப் பல வீடுகளுக்குப் போனதால் தீயிலும் போரிலும் தப்பியவை உண்டு. ஆனாலும் முழுச் சுருளைப் புத்தரின் உடம்பாகப் பார்த்த சமூகத்தில் அதை வெட்டத் துணிந்தது சின்ன மாற்றமல்ல. அன்றைக்கே சூத்திரம் கலைப்பொருளாகிவிட்டது.

ஒரு மனிதரிடத்தில் இந்த இரண்டு மனமும் இருந்தன. மசுதா தகாஷி, மித்சுய் நிறுவனத்தின் பெரும் வணிகர், தேநீர்க் கலை வல்லவர். 1919இல் 36 கவிஞர்களின் உருவம் தீட்டிய புகழ்பெற்ற சதாக்கே சுருளைத் துண்டாக்கிப் பங்கிட்டு விற்க முன்னின்றவர் அவர். அடுத்த சில ஆண்டுகளில், ஹெய்கே நோக்யோவின் 33 சுருள்களையும் அச்சு அசலாகப் படியெடுக்க நண்பர்களிடம் பணம் திரட்டித் தந்தவரும் அவர்தான். படியெடுத்தவர் தனாகா ஷின்பி. தாள், ரேக்கு, சாயம், எழுத்து, உலோக வேலை எல்லாவற்றையும் 1920களில் புதிதாகக் கற்றுக்கொண்டு செய்தார். அதற்கும் முன்பு, 1602இல் ஹிரோஷிமாப் பிரபு ஃபுகுஷிமா மசனோரி இந்தச் சுருள்களைச் செப்பனிடச் செய்திருக்கிறார். அப்போது சேர்த்த படங்கள் தவராயா சோதத்சுவின் கைவண்ணம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். தலை தாழ்த்தி நிற்கும் அந்தப் பொன் மானை எங்காவது அச்சில் பார்த்திருப்பீர்கள்.

அருங்காட்சியகங்கள் இவற்றை இன்று ‘எழுத்துக்கலை’ என்ற பிரிவிலோ ‘ஓவியம்’ என்ற பிரிவிலோ வைக்கின்றன. இரண்டும் பாதி உண்மை. காணிக்கை என்ற பிரிவு எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, ஆகவே அந்தப் பாதி காணாமல் போகிறது. பக்தி இருந்த இடத்தில் பொன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கும், பொன்னை மட்டும் ரசித்துவிட்டுப் போகிறவர்களுக்கும் என் பதில் ஒன்றுதான்: தாமிகோவின் சாம்பல் தாளையும் கியோமோரியின் பொன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்தன.

உங்களில் யாருக்காவது ஜப்பான் போகும் வாய்ப்பு வந்தால், நாரா, கியோத்தோ தேசிய அருங்காட்சியகங்களின் கண்காட்சி அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். சாயமும் தாளும் வெளிச்சத்தில் கெடும் என்பதால் இந்தச் சுருள்களைச் சில வாரங்கள் மட்டுமே வெளியே வைப்பார்கள். பிறகு நீண்டகாலம் பெட்டிக்குள் போய்விடும். தவறவிட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது. பெட்டியின் முன் நிற்கும்போது, கண்ணாடிக்குள் இருப்பது முழுச் சுருளா, வெட்டிய துண்டா என்று பெயர்ப்பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். துண்டு என்றால், மீதி எங்கே இருக்கிறது என்று அங்கிருக்கும் அலுவலரைக் கேளுங்கள்.